11 மணிக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள்

பர்மிங்காமில் அக்கா வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். அதில் ஒரு நாளை ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு என்று முன்பே ஒதுக்கி வைத்திருந்தேன். மூர் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஊர் வந்துவிடும். என்னோடு இறங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஹென்லி தெருவுக்கு, ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைப் பார்க்கப் போனார்கள். நான் நேராகச் சர்ச் தெருவுக்கு நடந்தேன். பதினெட்டு வருடமாக வகுப்பறையில் நிற்கிறவள் நான். அவர் பிறந்த இடத்தைவிட, உட்கார்ந்து படித்த இடத்தைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

அந்தப் பள்ளியின் பெயர் ஆறாம் எட்வர்ட் மன்னர் பள்ளி. ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'கே.இ.எஸ்.' என்கிறார்கள். வாசலில் இருந்த அம்மா, "காலையில் பையன்களுக்கு வகுப்பு நடக்கும், 11 மணிக்கு வாருங்கள்" என்றார். 450 வருடத்துக்கு முன் ஷேக்ஸ்பியர் படித்த அறையில் இன்றைக்கும் பாடம் நடக்கிறது, அது முடிந்த பிறகுதான் நமக்கு இடம்! இதைக் கேட்டதுமே வந்த காரியம் பாதி முடிந்த மாதிரி எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

சரி, ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று தெருவை நன்றாகப் பார்த்தேன். கருத்த ஓக் மரச் சட்டங்கள், இடையில் வெள்ளைப் பூச்சு. மேல்மாடி கொஞ்சம் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு முனையில் கல்லால் கட்டிய கில்டு சேப்பல் என்ற சிறு தேவாலயம், அதை ஒட்டிக் கில்டு மண்டபம் (நான் பார்க்க வந்த வகுப்பறை இதன் மேல்மாடியில்தான்), அதற்கடுத்து வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். ஆதரவற்ற முதியவர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிய வீடுகள் அவை. இன்றும் அவற்றில் முதியவர்கள் குடியிருக்கிறார்கள். ஒரு ஜன்னலில் ஜெரேனியம் தொட்டி வைத்திருந்தார்கள்.

இவை எல்லாவற்றையும் கட்டியது பரிசுத்த சிலுவைச் சங்கம் என்ற கில்டு. ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய சமயச் சங்கம் அது. 1295-லேயே இங்கே ஒரு பள்ளி ஆசிரியர் இருந்ததற்குப் பதிவு உண்டு. மண்டபம் 1420 வாக்கில் எழுந்தது. பின்முற்றத்தில் இருக்கும் பள்ளி வீட்டை 1427-ல் கட்டினார்கள். 1482-ல் தாமஸ் ஜாலிஃப் என்ற பாதிரியார் பள்ளிக்குச் சொத்து எழுதி வைத்தார். பிள்ளைகளிடம் ஆசிரியர் சம்பளம் எதுவும் வாங்கக் கூடாது என்று அதற்கு ஒரு நிபந்தனை. என்னைப் பொறுத்தவரை இந்த இடத்தின் கதையில் மிகப் பெரிய வரி அதுதான். அதற்கு 90 வருடம் கழித்து, கையுறை தைத்து விற்ற ஒருவரின் மகன் ஷேக்ஸ்பியர் காசு கொடுக்காமல் லத்தீன் படிக்க முடிந்தது.

நடுவில் ஒரு ஆபத்தும் வந்தது. 1547-ல் அரசு எல்லாச் சமயச் சங்கங்களையும் கலைத்தபோது இந்தக் கில்டும் போயிற்று. 1553 ஜூன் 28 அன்று ஆறாம் எட்வர்ட் கொடுத்த சாசனத்தால்தான் பள்ளிக்கு மறுபடி உயிர் வந்தது. ஆசிரியருக்கு வருடம் 20 பவுண்டு சம்பளம், கூடவே வீடு. அந்த மன்னருக்கு அப்போது வயது பதினைந்து, காசநோய் முற்றிய நிலை. சாசனம் கொடுத்த எட்டாவது நாள் இறந்துவிட்டார்.

11 மணிக்குக் கதவு திறந்தது. 2016-ல்தான் இந்த இடத்தைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். கீழ் மண்டபத்தில் அந்தக் காலத்தில் ஊர் மன்றம் கூடும், நாடகமும் நடக்கும். 1568-ல் ஷேக்ஸ்பியரின் அப்பா ஜான் இந்த ஊருக்கு பெய்லிஃப், அதாவது மேயர் மாதிரி. அவர் பதவிக்காலத்தில் ராணியின் நாடகக் குழுவும் வூஸ்டர் பிரபுவின் குழுவும் வந்து ஆடின. ராணி குழுவுக்கு 9 ஷில்லிங், மற்றதற்கு 1 ஷில்லிங் கொடுத்ததாக ஊர்க் கணக்கில் இருக்கிறது. பையனுக்கு அப்போது நாலைந்து வயது. மேயர் வீட்டுப் பிள்ளை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருப்பான் என்றுதான் நான் நம்புகிறேன்.

படியேறினால் வகுப்பறை. நீளமான அறை, தலைக்கு மேலே வளைந்த ஓக் உத்திரங்கள், பெயர் செதுக்கித் தழும்பேறிய பழைய மேசைகள். உத்திரத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால மாணவர் பதிவேடு எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் அந்த ஊரில் சிறுவன் ஷேக்ஸ்பியர் படிக்க வேறு பள்ளி கிடையாது. ஏழு வயதில் சேர்ந்து, பதினாலு பதினைந்து வரை படித்திருப்பான். கோடையில் காலை 6 மணிக்கும் குளிர்காலத்தில் 7 மணிக்கும் தொடங்கினால் மாலை 5 மணி வரை, வாரம் ஆறு நாள். சைமன் ஹண்ட், பிறகு தாமஸ் ஜென்கின்ஸ் என்று ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஆசிரியர்கள்.

பாடம் முழுக்க லத்தீன்தான். மனப்பாடம் நிறைய. அதோடு நிற்கவில்லை என்பதுதான் என் போன்றவர்களுக்கு முக்கியம். லத்தீன் பத்தியை ஆங்கிலத்தில் எழுதி, மூலத்தை மூடி வைத்துவிட்டு மறுபடி லத்தீனாக்க வேண்டும். ஒரே விஷயத்துக்கு இரண்டு பக்கமும் வாதாட வேண்டும். பழங்கதையில் வரும் ஓர் அரசியாக, தோற்ற வீரனாகத் தன்னை நினைத்துக்கொண்டு அவர்கள் வாயால் பேச வேண்டும். நாடகம் எழுதப்போகிறவனுக்கு இதைவிட என்ன பயிற்சி வேண்டும்? பல்கலைக்கழகம் போகாதவர் எப்படி இவ்வளவு எழுதினார் என்று கேட்கிறவர்கள் இந்த அறையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அவரே இதை ஒரு காட்சியாக எழுதியிருக்கிறார். 'விண்ட்ஸர் நகரத்துக் குறும்புக்கார மனைவியர்' நாடகத்தில் வில்லியம் என்று ஒரு பையன். லத்தீனில் லேபிஸ் என்றால் என்ன என்று வாத்தியார் கேட்கிறார். கல் என்கிறான். கல் என்றால் என்ன? கூழாங்கல் என்கிறான். இல்லை, லேபிஸ் என்று சொல்ல வேண்டும் என்கிறார் வாத்தியார். போன மொழியிலிருந்து திரும்பி வரத் தெரியவில்லை பிள்ளைக்கு! என் வகுப்பிலும் அப்படிப் பதில் சொல்லும் பிள்ளைகள் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தவர்கள் அவர்கள்தான்.

ஷேக்ஸ்பியர் காலத்து டியூடர் உடையில் ஒரு வாத்தியார் வந்து எங்களுக்கும் பாடம் எடுத்தார். இறகுப் பேனாவை மையில் தொட்டு எழுதினேன். இரண்டு எழுத்துக்கு ஒரு தரம் தொட வேண்டியிருந்தது.

இன்றைய பள்ளி இந்தப் பழைய கட்டடங்களோடு நின்றுவிடவில்லை. பின்பக்கம் புதிய வகுப்பறைகளும் லீவை ஃபாக்ஸ் ஹால் என்ற பெரிய அரங்கும் இருக்கின்றன. அரசுப் பணத்தில் நடக்கும் கிராமர் ஸ்கூல் என்பதால் கட்டணம் இல்லை, பதினோரு வயதில் நுழைவுத்தேர்வு எழுதிச் சேர வேண்டும். 2013 முதல் சிக்ஸ்த் ஃபார்மில், அதாவது நம் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வகுப்புகளில், பெண்களையும் சேர்க்கிறார்கள். இத்தனை நூற்றாண்டு தாமதம் எனக்கு வருத்தம்தான். பையன்கள் மட்டுமே எல்லா வேஷமும் கட்டி, அந்தக் காலச் சிறுவர் குழுக்களின் நாடகங்களை நடத்தும் 'எட்வர்ட்ஸ் பாய்ஸ்' என்ற குழு இந்தப் பள்ளியுடையது. ஏப்ரலில் ஷேக்ஸ்பியர் பிறந்தநாள் ஊர்வலத்தில் மாணவர்கள் பூக்களோடு நடந்து, ஹோலி ட்ரினிட்டி தேவாலயத்தில் அவர் கல்லறையில் வைக்கிறார்கள்.

வெளியே வந்து சேப்பல் லேன் தெருவைத் தாண்டினால் நியூ பிளேஸ். லண்டனில் சம்பாதித்து 1597-ல் அவர் வாங்கிய வீடு. 1759-ல் அதை இடித்துவிட்டார்கள், இப்போது தோட்டம்தான். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் சேப்பல் கோபுரம் கண்ணெதிரே நிற்கிறது. கடைசிக் காலத்தில் இந்த வீட்டுக்கே திரும்பி வந்து, 1616-ல் இங்கேயே இறந்தார். அந்த வருடங்களில் காலையில் பள்ளிக்கு ஓடும் பையன்களின் சத்தம் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

மாலை நாலு மணிக்கு நான் ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது பள்ளி விட்டிருந்தது. அந்த நீட்டிக்கொண்டிருக்கும் மேல்மாடிக்குக் கீழே, தூறலுக்கு ஒதுங்கி, மூன்று பையன்கள் ஒரே சிப்ஸ் பாக்கெட்டைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள்.