தைப்பூசத்துக்கு முன்

6 ஜனவரி, திங்கள்

மேல் பல்செட் ஆடுகிறது என்று வந்தார் பினாங்கு ஜெலுத்தோங் பாட்டி. கழற்றிப் பார்த்தேன். பல்செட்டில் பெரிய குற்றம் இல்லை. இடக் கன்னத்தின் உட்புறத்தில் ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. பஞ்சுத் துணியால் துடைத்தேன், போகவில்லை. நடுவில் சிவந்திருந்தது. விரலால் அழுத்தியபோது ஓரம் கெட்டியாகத் தட்டுப்பட்டது.

வாயும் முழுதாகத் திறக்கவில்லை. மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் இரண்டுதான் நுழைகின்றன.

"வெற்றிலையை எந்தப் பக்கம் ஒதுக்குவீர்கள், பாட்டி?"

இடக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "பழகின பக்கம் இதுதான், டாக்டரம்மா."

சாதாரணப் புண்ணாக இருந்தால் உறுத்துகிற காரணத்தை நீக்கிவிட்டு இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்போம். இதற்குப் பொறுக்க மாட்டேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

7 ஜனவரி, செவ்வாய்

மிருதங்கச் சாதகம் செய்யவில்லை. கழுத்து வலி.

9 ஜனவரி, வியாழன்

பரிசோதனைக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்தாகிவிட்டது. சிவப்பும் வெள்ளையும் சேரும் விளிம்பில், நல்ல தசையும் கொஞ்சம் வருகிற மாதிரி ஓர் அரிசி நீளத்துக்கு. ஒரு முனையில் நூல் போட்டு அடையாளம் வைத்து, பத்து விழுக்காடு ஃபார்மலினில் இட்டேன். புட்டியின் மேல் பெயரைத் தாதி எழுதினார். மூடியில் எழுதாமல் புட்டியின் உடலில் எழுதச் சொன்னேன், மூடிகள் மாறிப்போகும்.

ஊசி போடும்போது பாட்டி கண்ணை மூடவில்லை. என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மரப்பு மருந்தை மெதுவாகச் செலுத்தினால் வலி பாதியாகக் குறையும். தோலைக் குத்துவதைவிட, திசுவுக்குள் மருந்து வேகமாகப் பாய்ந்து இடத்தை விரிப்பதுதான் அதிகம் வலிக்கும். அவசரமே இல்லாமல் செலுத்தினேன். "வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்திவிடுவேன்" என்று சொல்லியிருந்தேன். ஒருமுறை தூக்கினார். நிறுத்தினேன். வலியா என்று கேட்டால், இல்லையாம். நான் சொன்னபடி நிறுத்துகிறேனா என்று பார்த்தாராம்.

இந்த அம்மையாரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதுதான் கவலையாக இருக்கிறது.

12 ஜனவரி, ஞாயிறு

பாட்டி பதின்மூன்று வயதில் வெற்றிலை போடத் தொடங்கினாராம். நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டம். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, பிறகு பால்மரக் காட்டில் ரப்பர் வெட்டு. வெறும் வயிற்றோடு நிற்க வேண்டும், குளிர், கொசு. வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு, கொஞ்சம் புகையிலை. பசி தெரியாது, தூக்கம் வராது. பல் குறைந்த பிறகு சின்ன உரலில் இடித்துப் போடுகிறார். அந்த உரல் கைப்பையில் இருக்கிறது. காட்டினார். உலக்கையின் பிடி தேய்ந்து பளபளக்கிறது.

புகையிலையை விட்டால் போதும், பாக்கு ஒன்றும் செய்யாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். படித்தவர்களும்கூட. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று ஐயமின்றி எழுதிவிட்டது. பாக்கு, கன்னத்தின் உட்தோலை நார்நாராக இறுக்குகிறது. வாய் திறக்காமல் போவது அதனால்தான். மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியரிடம், அதிலும் பெண்களிடம், மற்ற இனத்தவரைவிட மிகுதி. படிக்கும் காலத்தில் இதை ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போனோம். அந்த வரிக்குப் பின்னால் எத்தனை தோட்டங்கள், எத்தனை விடியற்காலைகள். எவரும் இவர்களிடம் வந்து சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு அடங்கவே இல்லை.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். அம்மா வீட்டில் பால் பொங்கியது. கரும்பு கடித்தேன், எல்லோரும் என் பல்லையே பார்த்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை; இன்று வராது என்றும் தெரியும். ஆனாலும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

17 ஜனவரி, வெள்ளி

காலையில் ஆறு வயதுப் பையன். நாற்காலியில் ஏறவே மறுத்தான். அவன் அம்மா, "வலிக்காது, ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குழந்தைகளிடம் இதைச் சொல்லாதீர்கள் என்று எத்தனை பேரிடம் கெஞ்சியிருக்கிறேன். ஏதோ செய்யத்தானே போகிறேன்? ஒருமுறை பொய் என்று தெரிந்துவிட்டால் அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவனான பிறகும் பல் மருத்துவரிடம் வராது. தரையில் உட்கார்ந்து, காற்றுக் குழாயை அவன் உள்ளங்கையில் ஊதிக் காட்டினேன். பிறகு நகத்தில். பிறகு முன்பல்லில். அரை மணி நேரம் ஆனது. வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும்.

பல் மருத்துவத்தில் விசித்திரமான ஒன்று உண்டு. வாயைத் திறந்து வைத்திருப்பவரிடம்தான் நாள் முழுக்கப் பேசுகிறோம். அவரால் பதில் சொல்ல முடியாது. அதனால் பேசிக்கொண்டே போகும் பழக்கம் எங்களுக்கு எளிதில் ஒட்டிக்கொள்கிறது. நாற்காலியை நிமிர்த்தி, முகக்கவசத்தைக் கழற்றி, அவர் வாய் கொப்பளித்து முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் உண்மையான கேள்வி வெளியே வருகிறது. இப்போதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தை நான் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

20 ஜனவரி, திங்கள்

பாட்டியின் மகன் தனியாக வந்தார். உட்காரக்கூட இல்லை.

"டாக்டர், முடிவு எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லுங்கள். அம்மாவிடம் வேண்டாம். தாங்க மாட்டார்."

கண் சிவந்திருந்தது. இரவு வேலை முடித்து நேராக வந்திருக்கிறார். அன்பில்தான் கேட்கிறார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வேண்டுகோள் என் வயிற்றைப் பிசைகிறது. வாய் பாட்டியுடையது. வெட்டப் போவது அவருடைய கன்னத்தை. ஒப்புதல் கையெழுத்தும் அவர்தான் போட வேண்டும். எதற்கு என்று தெரியாமல் எப்படிப் போடுவார்?

"முடிவு வரட்டும், அண்ணா. நீங்களும் கூட இருங்கள். மூவரும் சேர்ந்து உட்காருவோம்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார்.

23 ஜனவரி, வியாழன்

ஒரு கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை, மூன்று கால்வாய்களையும் அடைத்து முடித்தேன். படத்தில் மூன்றும் நுனிவரை வெள்ளையாக, வளைவு மாறாமல் நின்றன. அழகு. இந்த அழகை நோயாளி பார்க்கப்போவதில்லை, படத்தைக் காட்டினாலும் புரியாது. எனக்கு மட்டுமே தெரிந்த மகிழ்ச்சி.

அடைக்கப் பயன்படும் கட்டா பெர்ச்சா நம் நாட்டுக் காட்டு மரத்தின் பால். மலாய்க்காரர்கள் தாபான் என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போடுவதற்காக அந்த மரங்களைக் காடு காடாக வெட்டிச் சாய்த்தார்கள். பால்மரத்தைப்போல நிற்கவைத்து வெட்டிப் பாலெடுக்காமல், மரத்தையே வீழ்த்தி எடுத்தார்கள். இன்று உலகம் முழுவதும் பல் வேர்களுக்குள் அது இருக்கிறது. பாட்டியிடம் சொல்ல வேண்டும். பால்மரம் தெரிந்தவர், ரசிப்பார்.

24 ஜனவரி, வெள்ளி

இன்னும் இல்லை.

27 ஜனவரி, திங்கள்

பரிசோதனைக்கூடத்துக்கு நானே பேசினேன். ஆழமாக இன்னும் சில சீவல்கள் எடுத்துப் பார்க்கிறார்களாம், இரண்டாவது நிபுணரும் பார்க்க வேண்டுமாம். சீனப் பெருநாள் விடுமுறை வேறு. ஆழமாகப் பார்க்கிறார்கள் என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருப்பது இந்த நேரத்தில் ஒரு பாரம்.

29 ஜனவரி, புதன்

சீனப் பெருநாள். கிளினிக் மூடியிருக்கிறது. இரவெல்லாம் வெடிச் சத்தம்.

1 பிப்ரவரி, சனி

மிருதங்க வகுப்பு. வழியெல்லாம் பாட்டி நினைவு, வாத்தியத்தைத் தொட்டதும் போய்விட்டது. தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப் பக்கத் தோலில், ரவைப் பசையை அப்புவதே எனக்கு ஒரு சடங்கு. ரவையை நீர் விட்டுப் பிசைந்து, உருட்டி, நடுவில் ஒட்டி, விரலை நனைத்து ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து, 'தொம்' இறங்கி ஒலிக்கும்வரை பார்க்க வேண்டும். கூடினாலும் மந்தம், குறைந்தாலும் வெறுமை. ஆசிரியர் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். அவருடைய அந்த ஒரு தலையசைப்புக்காக ஒரு வாரம் காத்திருக்கலாம்.

வலப் பக்கத்தில் வாசிக்கும் 'நம்' எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. மோதிர விரல் நடுவிலுள்ள கருப்பில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும், சுட்டுவிரல் விளிம்பில் விழ வேண்டும். என் மோதிர விரல் அழுத்திவிடுகிறது. வேலையில் அந்த விரல்தான் பக்கத்துப் பல்லில் ஊன்றி நிற்கும் தூண். கருவி வழுக்காமல் காப்பது அது. நாள் முழுக்க ஊன்றப் பழகிய விரலை மாலையில் ஊன்றாதே என்றால் கேட்குமா? ஆசிரியர் என்னை முதல் காலத்திலேயே, மெதுவான வேகத்திலேயே, வைத்திருக்கிறார். இரண்டாம் காலத்துக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"முதல் காலத்தில் இருக்கிற இடைவெளி உங்களுக்குப் பயமாக இருக்கிறது, அம்மா. அதனால்தான் வேகம் கேட்கிறீர்கள்."

நாற்பத்து நான்கு வயதில் இப்படி ஒருவர் என்னைப் பிடித்து உட்காரவைப்பது நன்றாக இருக்கிறது. கிளினிக்கில் எல்லோருக்கும் நான் டாக்டர். இங்கே என் கை அழுக்கு, என் தாளம் தப்பு. மேடை ஆசை இல்லை. இந்த ஒரு மணி நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

3 பிப்ரவரி, திங்கள்

வந்துவிட்டது. செல்களில் கடுமையான மாற்றம். புற்றாக இன்னும் அடித்தோலைக் கடக்கவில்லை, எடுத்த துண்டில் தெரிந்தவரை. முழுத் திட்டையும் சுற்றிலும் ஓரம் விட்டு வெட்டி எடுக்க வேண்டும். வெட்டியதை மறுபடி முழுதாகப் பார்த்தால்தான் உறுதி.

நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? இரண்டும். எப்படிச் சொல்வது? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன், மூன்றையும் கிழித்தேன். 'ஒன்றுமில்லை' என்று தொடங்கக் கூடாது. 'கவலைப்படாதீர்கள்' என்றும் கூடாது.

4 பிப்ரவரி, செவ்வாய்

கடைசி நோயாளிக்குப் பிறகு வரச் சொன்னேன். நாற்காலியில் அல்ல, என் மேசைக்குப் பக்கத்தில் மூவரும் உட்கார்ந்தோம். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டி, முடிவு வந்திருக்கிறது. எவ்வளவு சொல்லட்டும்? எல்லாவற்றையும் நீங்களே கேட்கிறீர்களா, மகனிடம் சொல்லட்டுமா?"

பாட்டி மகனை ஒருமுறை பார்த்தார். "என் வாயைப் பற்றி அவனிடம் எதற்கு? என்னிடம் சொல்லுங்கள்."

சொன்னேன். சின்னச் சின்ன வாக்கியமாக. கன்னத்தின் தோல் கெட்டுப்போகத் தொடங்கியிருக்கிறது. இப்போதே எடுத்துவிட்டால் நல்லது. விட்டுவைத்தால் புற்றாகும். பிறகு நிறுத்திக்கொண்டேன். சுவர்க் கடிகாரம் கேட்டது. மகன் ஏதோ பேச வாயெடுத்தார், கையைக் காட்டி நிறுத்தினேன்.

"வெற்றிலையாலா?"

"ஆமாம், பாட்டி."

"என் அக்காவுக்கும் கன்னத்தில்தான் வந்தது. யாரும் அவளிடம் சொல்லவில்லை. எல்லோரும் பல்வலி என்றே சொன்னார்கள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது."

மகன் அழுதார். பாட்டி அழவில்லை. உரலைக் கைப்பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தார். "இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருந்தால் கை போகும்."

6 பிப்ரவரி, வியாழன்

மருத்துவமனையில் நாள் கொடுத்துவிட்டார்கள், பத்தாம் தேதி. இவ்வளவு விரைவாகக் கிடைத்ததே பெரிது. பாட்டி முடியாது என்கிறார். அன்றுதான் ரதம் புறப்படுகிறது, மறுநாள் பூசம். பால்குடம் நேர்ந்திருக்கிறாராம். தண்ணீர்மலை உச்சியிலுள்ள முருகன் கோயிலுக்கு 513 படி. முழங்கால் இரண்டும் போன மனுஷி!

மகன் என்னைத் திட்டச் சொல்கிறார். நான் திட்டவில்லை. அறுவை நிபுணரிடம் நேராகப் பேசினேன். மூன்று நாளில் இந்தத் திட்டு எங்கும் ஓடிவிடாது என்றார், ஆனால் மூன்று வாரம் என்று இழுக்கக் கூடாது. பதின்மூன்றாம் தேதிக்கு மாற்றிக்கொடுத்தார். பாட்டியிடம் நான் ஒரு வாக்கு வாங்கினேன்: பால்குடம் கீழேயே, படி ஏறக் கூடாது. பேரன் ஏறுவான். நீண்ட நேரம் பேரம் பேசினார். ஒப்புக்கொண்டார்.

8 பிப்ரவரி, சனி

வகுப்பு இல்லை, ஆசிரியர் கோயில் வேலையில் இருக்கிறார். வீட்டில் முதல் காலம் மட்டும் வாசித்தேன். பக்கத்து வீட்டு அம்மா சீக்கிரம் நிறுத்திவிட்டேனே என்று கேட்டார். ஆச்சரியம்.

வெற்றிலை போடுகிற எல்லா நோயாளிக்கும் இனி கன்னத்தைத் தடவிப் பார்ப்பது என்று தாதியிடம் சொல்லிவிட்டேன், பல் சுத்தம் செய்ய வந்தாலும் சரி. விரலால், பார்வையால் மட்டும் அல்ல. கோயிலில் ஒரு மேசை போட்டு உட்காரலாமா? அடுத்த ஆண்டுக்கு இப்போதே கேட்க வேண்டும்.

10 பிப்ரவரி, திங்கள்

டத்தோ கிராமாட் சாலையில் தேங்காய்க் குவியல். வெள்ளி ரதம் அருகே வந்ததும் இரு பக்கமும் உடைக்கத் தொடங்கினார்கள். சீனர்கள் நம்மைவிட அதிகம். சாலையே இளநீராக ஓடியது. பாட்டியைத் தேடினேன், கூட்டத்தில் காணவில்லை.

11 பிப்ரவரி, செவ்வாய்

பூசம். பேரன் படம் அனுப்பினான். பாட்டி மஞ்சள் புடவையில், தலையில் குடம், அடிவாரத்தில். பின்னால் படிகள். கால் முதல் படியில் இருக்கிறது! பேரனைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஒரே ஒரு படிதான் என்கிறான். நம்புகிறேன்.

12 பிப்ரவரி, புதன்

மதியம் பாட்டியை வார்டில் சேர்த்தாகிவிட்டது. பல்செட்டைக் கழற்றித் தண்ணீர் டப்பாவில் போட்டு, டப்பாவின் உடலில் பெயர் எழுதச் சொன்னேன். இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல், சர்க்கரை பரவாயில்லை. நாளை காலை முதல் ஆள் அவர்தான். மகன் என்னை அங்கே வர முடியுமா என்று கேட்டார். காலை நோயாளிகளை மாற்றச் சொல்லியிருக்கிறேன், ஒருவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை, பல் வீங்கியிருக்கிறது, நியாயம்தான். அவரை ஏழு மணிக்கே வரச் சொல்லலாம். தாதி கூப்பிடுகிறார், மீதியை இரவில்