தாத்தா கணக்கு எழுதிய இடம்

வேலூர் லாங் பஜார் பக்கத்துச் சந்தில், தாத்தா கணக்கு எழுதிய மண்டி ஆபீஸ் இப்போது ஆறு வீடுகள். மாடியில் ஒன்றுக்கு நான் வாடகைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் மேஜை கிடந்த இடத்தில் என் கேஸ் அடுப்பு.

கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி, சாய்வாட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்கியது. வேலூரின் மே மாத மதியத்திலும் தரையில் பாய் விரித்துப் படுக்க முடிகிறது. அதை ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைக்காததற்காகவே வீட்டுக்காரரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சுவரில்தான் தப்பு நடந்துவிட்டது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். பாத்ரூம் கட்டியபோது அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஈரம் உள்ளேயே நின்று, உப்பு பூத்து, பட்டை பட்டையாக உதிர்கிறது.

"சிமெண்ட்ட முழுசா கொத்திட்டு சுண்ணாம்பே பூசணும் தம்பி, இல்லாட்டி நிக்காது" என்றார் மேஸ்திரி. கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்த்துச் சாந்து அரைக்கத் தெரிந்தவர். அடுத்த வாரம் வருகிறார்.

மாவட்டத்தின் பெயர் வேலூர் என்று மாறிய பிறகும் தாத்தா விலாசத்தில் 'வட ஆற்காடு' என்றுதான் எழுதினார். வாசல் நிலைக்கு மேலே, பெயிண்ட் உரிந்த இடத்தில் அதே இரண்டு சொல் தெரிகிறது. அங்கே மட்டும் கை வைக்க வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன்.