துணி காயாத ஊரில்

நவம்பர் 3, 2024, ஞாயிறு

தீபாவளி முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு மலேசியாவின் கேமரன் மலை ஏறியாயிற்று. என் கணவர் இவர், சிங்கப்பூரில் காலமெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அடிவாரத்துத் தாப்பாவில் பேருந்து ஏறியதும் ஓட்டுநருக்கு நேர் பின்னால் இடம் பிடித்து, வளைவுக்கு வளைவு அந்த ஆளின் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். "நல்லா பழகின கை" என்று பாராட்டு வேறு. எனக்கோ வயிற்றைப் புரட்டியது. வழியெல்லாம் செமாய்ப் பூர்வகுடி மக்களின் ஒட்டுக்கடைகள், பெத்தாய் அவரைக் கொத்துகள், லாத்தா இஸ்கந்தார் அருவிச் சத்தம். 1931-இல் தானா ராத்தா வரை போட்டு முடித்த பாதையாம் இது.

கேமரன் மலை என்றால் எல்லோரும் தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று மேலே போய்விடுவார்கள். எங்களுக்கு ரிங்லெட்தான். கடைவீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு கேஸ் அடுப்பு. கீழே காய்கறி லோரிகள் விடிய விடிய உறுமும் என்று வீட்டுக்காரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

தொண்டூழியம் செய்ய வெளிநாடு போகிறோம் என்றதும் எங்கள் அடுக்குமாடி வீட்டில் எல்லோரும் நேப்பாளமா, மங்கோலியாவா என்று கேட்டார்கள். பனி விழுகிற ஊருக்குப் போகும் தெம்பு எங்கள் முட்டிகளுக்கு இல்லை. எங்களுக்கு இந்தக் குளிரே போதும்.

நவம்பர் 4, திங்கள்

வேலை என்னவென்று இன்றுதான் சரியாகப் புரிந்தது. தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் ஒரு பொது மண்டபம். தமிழ்ப்பள்ளி விட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் மூன்று மணிக்கு இங்கே வருவார்கள். பெற்றோர் தேயிலையிலும் காய்கறித் தோட்டத்திலும் தங்கும் விடுதிகளிலும் வேலை செய்கிறவர்கள். ஐந்து, ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புவார்கள். அதுவரை பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுப்பாடம் பார்க்கலாம், வாசிக்க வைக்கலாம், சண்டை தீர்க்கலாம். முக்கியமாக, கதவு மூன்று மணிக்குத் திறந்திருக்க வேண்டும். மண்டபத்தை நடத்தும் தங்கச்சி இதை மூன்று தடவை சொன்னாள். அவள் காலையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். ஓடி வந்து கதவைத் திறப்பதற்குள் சில நாள் மூன்றேகால் ஆகிவிடுமாம். அதற்குள் பாதிப் பேர் ஆற்றோரம் போய்விடுவார்கள்.

நான் பாலர் பள்ளியில் வேலை பார்த்தவள், எனக்கு இது புதிதில்லை. இவர்தான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பெருக்கல் வாய்ப்பாடு கேட்கும் பையனைத் தணிக்கையாளர் வந்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 5, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு 17 டிகிரி. தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்து நிற்கிறது. குறுகிய வாய்ப் போத்தல், கரண்டிக் காம்பால் குத்தி எடுத்தேன். இங்கே எல்லோரும் அகன்ற வாய்ப் பாத்திரத்தில்தான் எண்ணெய் வைக்கிறார்கள். நேற்றிரவு ஊற வைத்து அரைத்த தோசை மாவு அப்படியே ஊமையாகக் கிடக்கிறது, ஒரு குமிழ் கூட இல்லை. வீட்டுக்காரம்மா, மாவுச் சட்டியைக் கம்பளியில் சுற்றி, சோறு வடித்த கையோடு அடுப்புப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். கம்பளி எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். மாவுக்கே கொடுத்தோம்.

நவம்பர் 7, வியாழன்

சஷ்டி. ஆறு நாளும் ஒருவேளைதான் சாப்பாடு எனக்கு. மண்டபம் முடிந்ததும், தங்கச்சியின் அண்ணன் வேனில் பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போனோம். வெறுங்காலோடு கல் தரையில் நின்றபோது குளிர் உள்ளங்காலில் ஏறி முழங்காலில் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் நின்ற அம்மா கெட்டிக்காரி, மடித்த துண்டு ஒன்றைக் காலுக்குக் கீழே போட்டுக்கொண்டு நிம்மதியாகக் கவசம் பாடினார்.

நவம்பர் 9, சனி

சனிக்கிழமை என்றால் மலையே கார்தான். ஸ்ட்ராபெரி, சோளம், தேன், பூக்கடை, கியா பார்ம் சந்தை. கீழே இருந்து வருகிறவர்கள் குளிரை அனுபவிக்கக் காசு கொடுத்து வருகிறார்கள். வரட்டும், அந்தக் காசில்தான் பல வீட்டு அடுப்பு எரிகிறது.

இன்று ஒரு குழு மண்டபத்துக்கும் வந்தது, பெரிய நகரத்திலிருந்து. ஆளுக்கொரு புத்தகப்பை, உள்ளே கலர் பென்சில், ஒரு பதாகை. பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். ஒருவர் மலாயாவின் தேயிலை வரலாறு என்று அரை மணி நேரம் பேசினார். 1929-இல் ரஸ்ஸல் துரை 'போ' (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கே பாடம். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் மேசைக்கடியில் பழைய பைகள் இன்னும் கிழியாமல் கிடக்கின்றன. போன வருஷம் வந்த குழு கொடுத்ததாம். பை இல்லாமல் இங்கே எந்தப் பிள்ளையின் படிப்பும் நிற்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து மூன்று மணி நேரம் உட்காருவதற்கு யாருக்காவது முடியுமா என்று தங்கச்சி கேட்டாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். நாளைக் குறித்துக்கொண்டவர் யாரும் இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

மழை, மழை, மழை. கட்டிலுக்கு மேலே கொடி கட்டி அதில் துணி. காய்வதில்லை, ஈரம் மாறி ஒருவிதக் குளிர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. இவருடைய கால்சட்டையை இஸ்திரிப் பெட்டியால் காய வைத்தேன்.

பிள்ளைகள் பாடுதான் பாவம். பள்ளிக்குக் கறுப்புச் சப்பாத்து, அதுவும் ஒரே சோடி. நேற்று நனைந்தது இன்று ஈரம், இன்றைய ஈரம் நாளைக்கும். மூன்றாம் ஆண்டுக்காரி ஒருத்தி மண்டபத்தில் சப்பாத்தைக் கழற்றியபோது பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, சுண்டுவிரல் இடுக்கில் தோல் உரிந்திருந்தது. "வலிக்குதா?" என்றேன். "இல்ல டீச்சர், குளிருது" என்றாள். அவள் வாசிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள், கவனமில்லை என்று இத்தனை நாள் பேச்சு. காலை ஒன்றன்மேல் ஒன்று தேய்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு எழுத்து எப்படிக் கண்ணில் நிற்கும்?

இவர் அப்படியே எழுந்து வெளியே போனார். இருட்டும் நேரத்தில் கம்பிவலை, நான்கு மரச்சட்டம், யாரோ தூக்கிப்போட்ட மேசை விசிறி ஒன்றோடு திரும்பினார். பணிமனையில் மெக்கானிக்குகளோடு பழகிய கைக்கு வேலை கிடைத்துவிட்டது.

நவம்பர் 13, புதன்

சப்பாத்துத் தட்டு தயார். கம்பிவலையில் சப்பாத்துகள் வாய் மேலாகச் சாய்ந்து நிற்கின்றன, பக்கவாட்டில் விசிறி. காற்றே ஈரமாக இருக்கும் ஊரில் விசிறி மட்டும் போதாது. அதனால் உள்ளே பழைய நாளிதழைக் கசக்கித் திணிப்பது. காகிதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அரை மணிக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். மூன்று மணிக்கு வரும் பிள்ளை ஆறு மணிக்குப் போவதற்குள் முழுக்கக் காயாது, ஆனால் சொதசொதப்பு போய்விடுகிறது. அதுவரை எல்லோருக்கும் காலுறை. தோட்டத்து வீடுகளில் கேட்டு வாங்கிய, சோடி சேராத காலுறைகள். ஒரு காலில் பச்சை, ஒரு காலில் கால்பந்துக் குழுவின் சிவப்பு.

அப்புறம்தான் வேடிக்கை. கசக்குவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக் கொடுத்தேன். கொட்டை எழுத்துத் தலைப்பை வாசித்தால்தான் கசக்கலாம் என்று ஒரு விதி போட்டேன். பாடப்புத்தகத்தைக் கண்டால் வயிற்றுவலி வருகிற பையன், சப்பாத்துக்காகக் கடகடவென்று வாசிக்கிறான். அந்த மூன்றாம் ஆண்டுக்காரிக்கு வந்த பக்கத்தில் சம்பளச் செய்தி. எழுத்துக் கூட்டினாள்: "கு... றைந்... த... பட்ச..." மூச்சு வாங்கி, "சம்பளம் ஆயிரத்து எழுநூறு ரிங்கிட்!" பெரிய பையன் ஒருவன், "அது பிப்ரவரியிலதான், இப்ப ஆயிரத்து ஐநூறு. எங்கம்மா சொன்னாங்க" என்றான். தோட்டத்தில் இப்போது இதுதான் பேச்சு. போன மாதம் பட்ஜெட்டில் அறிவித்ததிலிருந்து பிள்ளைகளுக்கெல்லாம் தொகை மனப்பாடம். அவள் அந்தத் தாளை மட்டும் கசக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், அம்மாவிடம் காட்டவாம். சப்பாத்துக்கு வேறு பக்கம் கொடுத்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

இவருக்குச் சளி. இஞ்சி, மிளகு, கருப்பட்டி. வகுப்புக்கு நான் மட்டும் போனேன். "சார் எங்கே, சப்பாத்துக்கு யாரு?" என்று வாசலிலேயே கேட்டார்கள். பெருக்கல் வாய்ப்பாட்டை யாரும் தேடவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு பாட்டி வீட்டுக்குப் போனோம். எண்பதை நெருங்குகிறவர். அந்தக் காலத்தில் விடியும் முன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வரிசையில் நிற்க வேண்டும். பனியில் பக்கத்தில் நிற்பவள் முகம் தெரியாது, குரலை வைத்துத்தான் ஆள் கண்டுபிடிப்பது. இரண்டு இலை, ஒரு மொட்டு என்று கையால் கிள்ளி, முதுகுக் கூடையில் போட்டு, நிறுத்துக் கிலோக் கணக்கில் காசு. இடுப்பைச் சுற்றி ரப்பர் துணி கட்டினாலும் செடியின் பனித்தண்ணீர் இறங்கிவிடும். அட்டை கடிப்பது தெரியவே தெரியாதாம், விறைத்த காலுக்கு என்ன தெரியும்? பிறகு இலை வெட்டும் கத்தரி வந்தது, இப்போது இரண்டு பேர் பிடித்து நடக்கும் இயந்திரம். அதைப் பிடிப்பவர்களில் முக்கால்வாசி வங்காளதேசத்துப் பிள்ளைகள், நேப்பாளப் பிள்ளைகள். "அதுங்களும் குளிருக்கு என் மாதிரிதான் நிக்குதுங்க. நான் போனா ஒரு தே ஊத்திக் குடுப்பேன்" என்றார்.

இவர் தன் கைப்பேசியில் பார்த்து வைத்ததைச் சொன்னார்: 1978 பிப்ரவரி முதல் தேதி கேமரன் மலையில் 7.8 டிகிரி வரை இறங்கியதாம், நாட்டிலேயே அதுதான் குறைவு. பாட்டிக்கு அந்த எண் எதுவும் சொல்லவில்லை. "அந்த வருஷமா? என் மூணாவதுக்குப் பால் குடி மறக்காத வயசு" என்றார். பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மலைக்குப் போனாராம், தன் கம்பளியை அதற்குப் போர்த்திவிட்டு.

திரும்பும் வழியில் சுங்கை பாலாஸ் தொழிற்சாலையைப் பார்த்தோம். இலையைப் பரப்பிக் காற்று விட்டு வாட்டுகிறார்கள். உருட்டி, நிறம் மாறும்வரை கிடத்தி, சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். நாலைந்து கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள். இந்த ஊரில் ஒழுங்காகக் காய்வது தேயிலை ஒன்றுதான். இவர் கண்ணாடி வழியாக அந்த உலர்த்தும் இயந்திரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு மூலையில முப்பது சோடி சப்பாத்து வைக்கலாம் தெரியுமா?" என்றார். தூளில் கால் வாசனை வந்தால் யார் குடிப்பார்கள் என்று கேட்டேன்.

நவம்பர் 20, புதன்

மத்தியானமே இருட்டிவிட்டது. பெர்தாம் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளை நான்கு மணிக்கே வந்து கூட்டிப் போய்விட்டார்கள். இங்கே பெரியவர்கள் மழையைக் காதால் அளக்கிறார்கள். 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணை பக்கத்தில்தான். ஏரி முழுக்கத் தேநீர் நிறத் தண்ணீர். மேலே மலையை வெட்டிப் பிளாஸ்டிக் கூடாரம் போட்டுக்கொண்டே போனால், மண் எல்லாம் அடியில் வந்துதானே சேரும்? 2013 அக்டோபரில் இரவோடு இரவாக அணையில் தண்ணீர் திறக்க வேண்டி வந்தபோது பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர் போனது. அதைப் பார்த்தவர்கள் மழை நாளில் பிள்ளையை வெளியே விட்டு வைக்க மாட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல், மழை வந்தால் பிள்ளைகள் மட்டம் போடுகின்றன என்று சொல்வது தப்பு.

மிச்சமிருந்த நான்கு பேரோடு முறுக்கு டின்னைக் காலி செய்தோம். நமுத்துப்போன முறுக்குதான், யாரும் கண்டுகொள்ளவில்லை.

நவம்பர் 23, சனி

வெயில்! இரண்டு மணி நேரம். ஊரே கொடியில் தொங்குகிறது.

நவம்பர் 26, செவ்வாய்

மூன்றாம் ஆண்டுக்காரி ஒரு பக்கத்தை விரல் வைக்காமல் வாசித்தாள். வானிலை அறிக்கைப் பக்கம். கிழக்குக்கரையில் கனமழை என்று வந்த இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நாங்களும் பகாங்தானே, எங்களுக்குமா என்றாள். வரைபடம் போட்டுக் காட்டினேன். குவாந்தான் எங்கே, ரிங்லெட் எங்கே என்று நடுவில் இத்தனை மலை வரைந்தாள், கடைசியில் எங்கள் மலையின் மேல் ஒரு குடையும்.

நவம்பர் 28, வியாழன்

சனிக்கிழமை இறங்குகிறோம். தைப்பூசம் முடிந்து, பிப்ரவரியில் புதுப் பள்ளியாண்டு தொடங்கும்போது திரும்பி வருவதாக முடிவு செய்திருக்கிறோம். இவர் இப்போதே கம்பளிக் கடை விலாசம் விசாரித்து வைத்திருக்கிறார்.

அதுவரை யார் உட்காருவது என்பதுதான் பேச்சு. இன்று மாலை பெற்றோர் சிலர் வேலை முடிந்து நேராக மண்டபத்துக்கு வந்தார்கள். விடுதியில் அறை சுத்தம் செய்யும் ஓர் அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அந்த நாளை அவர் எடுத்துக்கொண்டார். "எனக்கு வாய்ப்பாடெல்லாம் தெரியாதுங்க" என்று தயங்கினார். பேப்பர் வாசிக்கத் தெரியுமா என்றேன், தெரியும் என்றார், போதும் என்றேன். புதன் பாட்டிக்கு, கதவைத் திறந்து உட்கார்ந்தால் போதும், பிள்ளைகள் அவருக்கு வாசித்துக் காட்டும். திங்களும் வியாழனும் தங்கச்சியே, கடை முதலாளியிடம் அரை மணி முன்னால் கிளம்பக் கேட்டிருக்கிறாள். சப்பாத்துத் தட்டுக்குப் பொறுப்பு அந்த வாய்ப்பாட்டுப் பையன். விசிறியின் திருகைக் கழற்றி மாட்ட இவர் மூன்று நாளாகப் பழக்கி வைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆள் இல்லை. தோட்டத்து எழுத்தர், கிராணி, வீட்டம்மா யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். நாளைக் காலை போய் இன்னொரு தடவை கேட்க வேண்டும்.