போன் படித்தது, கடைக் கருவி படிக்கவில்லை

அம்மா அரைக்கும் மீன் கறித்தூளுக்கு முதன்முதலாக அச்சகத்தில் லேபிள் அடித்தபோது, பெயர், படம், பார்கோடு எல்லாமே ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். பழுப்பு கலந்த மிளகாய்ச் சிவப்பு, பின்னணி வெளிர் மஞ்சள். பார்க்க அவ்வளவு அழகு. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் அரைத்து, உறையில் கட்டி, ஈப்போவில் ஒரு பேரங்காடிக்கு 40 பெட்டி அனுப்பினோம். பால்மரம் வெட்டிய தாத்தாவின் பேத்தி சரக்கு பேரங்காடித் தட்டில் ஏறுகிறது என்று அன்றைக்கு வீட்டில் பாயாசம் வைத்தார்கள்.

ஒன்பதாவது நாள் 40 பெட்டியும் திரும்பி வந்தன. கல்லாவில் பார்கோடு விழவில்லை, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 13 எண்களைக் கையால் தட்ட வேண்டியிருக்கிறது, வரிசை நிற்கிறது என்றார்கள்.

எனக்குப் புரியவே இல்லை. 955 என்று தொடங்கும் எண்ணை, பார்கோடு எண் வழங்கும் ஜிஎஸ்1 மலேசியாவில் முறையாகப் பதிந்து வாங்கியிருந்தேன். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. போனில் காட்டினால் உடனே படித்தது. அச்சகத்தில் கேட்டேன். அவர்களும் போனை எடுத்துக் காட்டி, “படிக்குதே” என்றார்கள்.

அப்புறம் தம்பியின் நண்பர் வழியாக, ஈப்போவில் தொழிற்சாலைகளுக்கு லேபிள் அடிக்கும் ஓர் இடத்தில் வெரிஃபையர் இருப்பது தெரிய வந்தது. கடையில் இருக்கும் ஸ்கேனர் ‘படித்தேன், படிக்கவில்லை’ என்பதோடு நின்றுவிடும். வெரிஃபையர் அச்சின் தரத்தை அளந்து மதிப்பெண் போடும். அதற்கென்று ஐஎஸ்ஓ 15416 என்ற தரநிலை இருக்கிறது. அங்கிருந்த அண்ணன் முதலில் ஓர் அளவு அட்டையை வைத்துக் கருவியைச் சரிசெய்துகொண்டு, பிறகுதான் என் லேபிளை வைத்தார். கருவி பார்கோட்டின் மேலிருந்து கீழ்வரை 10 இடங்களில் குறுக்காக ஓடி அளந்தது.

மதிப்பெண் 0. முழு மதிப்பெண் 4. கடைச் சரக்குக்குக் குறைந்தது 1.5 வேண்டும்.

“தங்கச்சி, போனுக்கு இருக்கிற கண்ணு வேற, கல்லா கருவிக்கு இருக்கிற கண்ணு வேற” என்றார். போன் கேமரா எல்லா நிறத்தையும் பார்க்கும். பெரும்பாலான கல்லாக் கருவிகள் சிவப்பு வெளிச்சத்தை அடித்து, திரும்பி வருவதை அளக்கின்றன. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் கோடு வெள்ளைத் தாளைப் போலவே ஒளியைத் திருப்பிவிடும். அளந்து காட்டினார். என் தாள் 78 விழுக்காடு ஒளியைத் திருப்பியது, கோடு 47. கோடு திருப்புவது தாள் திருப்புவதில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஒளி வேறுபாடு, ஓரங்களின் தெளிவு, அச்சுக் குறை என்று சோதனைகள் பல இருந்தாலும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அவற்றில் எது மிகக் குறைவோ அதுதான் மதிப்பெண். 10 ஓட்டத்தின் சராசரிதான் இறுதி மதிப்பெண். அந்த ஒரு விதியில் தோற்றதால் பத்தும் சுழி.

இன்னொன்றும் காட்டினார். அழகுக்காகக் கோட்டின் வலப்பக்கம் ஒட்டி ஒரு மிளகாய்ப் படம் போட்டிருந்தோம். பார்கோட்டின் இரு பக்கமும் வெற்றிடம் கட்டாயம். சாதாரண அளவில் இடப்பக்கம் 3.63 மில்லிமீட்டர், வலப்பக்கம் 2.31 மில்லிமீட்டர். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கருவிக்குத் தெரிவதே இந்த வெற்றிடத்தால்தான். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த மிளகாயை நானே எடுத்திருப்பேன்.

புது லேபிளில் வெள்ளைக் கட்டம் விட்டு, கறுப்பு மையில், வெற்றிடத்தோடு சேர்த்து 37.29 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பார்கோடு போட்டோம். மிளகாய் மேலே ஏறிவிட்டது. மறுபடி அளந்தபோது 3.8. அறிக்கையில் 3.8/06/660 என்று இருந்தது. முதல் எண் மதிப்பெண், நடு எண் அளக்கும் துளையின் அளவு, கடைசி எண் சிவப்பு வெளிச்சத்தின் அலைநீளம். அந்தத் தாளை வைத்துதான் பேரங்காடியில் பேசினேன். எடுத்துக்கொண்டார்கள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். தீபாவளிக்கு முறுக்கு டின் போட்டபோது, 300 டின்னுக்கு எதற்கு அச்சகம் என்று தம்பி ஒரு சிறிய தெர்மல் பிரிண்டர் வாங்கினான். மூன்று தவறு செய்தோம். மை ரிப்பன் இல்லாமல், சூட்டில் கறுக்கும் வெப்பத்தாளிலேயே அடித்தோம், முறுக்கு எண்ணெய் பட்ட இடமெல்லாம் கோடு வெளுத்துப்போனது. டின் சிறியது என்று பார்கோட்டை 80 விழுக்காடாகக் குறைத்தோம். அந்த அளவில் மிக மெல்லிய கோடு 0.264 மில்லிமீட்டர். எங்கள் பிரிண்டரோ 203 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி, ஒரு புள்ளியே 0.125 மில்லிமீட்டர். இரண்டு புள்ளி போட்டால் குறைகிறது, மூன்று போட்டால் கூடுகிறது. மென்பொருள் சில கோட்டை இரண்டாகவும் சிலவற்றை மூன்றாகவும் அடித்துவிட்டது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, மதிப்பெண் மட்டும் 1.1. மெல்லிய கோட்டுக்குச் சரியாக மூன்று புள்ளி என்று வைத்து, லேபிளைக் கொஞ்சம் பெரிதாக்கிய பிறகுதான் சரியானது.

மூன்றாவது எங்கள் தொழிலோடு ஒட்டியது. மசாலாத் தூள் பிரிண்டரின் அச்சடிக்கும் தலையில் படிந்து, லேபிள் நெடுக மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. அது பார்கோட்டுக் கோடுகளோடு சேர்ந்து ஓடியதால், ஒரு கோடு மேலிருந்து கீழ்வரை இளைத்துவிட்டது. கருவி எங்கே குறுக்கே ஓடினாலும் அந்தக் குறை தப்பவில்லை. இப்போது ஒவ்வொரு ரிப்பன் மாற்றும்போதும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் தலையைத் துடைக்கிறோம். பிரிண்டரும் அரைவை நடக்கும் கொட்டகையை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது.

வெரிஃபையர் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. புது வடிவம், புது மை, புது தாள் என்று எது மாறினாலும் ஈப்போவுக்கு எடுத்துப்போய் அளந்து வருகிறேன். அதற்கு முன்னால் வீட்டில் ஒரு சோதனை. பரிசுக் கூடையில் சுற்றி வந்த சிவப்புக் கண்ணாடித்தாளை லேபிள் மேல் வைத்துப் பார்ப்பேன். அதில் கோடு மங்கினால் கல்லாவிலும் மங்கும். மதிப்பெண் அதில் கிடைக்காது, ஆனால் முதல் லேபிளுக்கு அப்படிப் பார்த்திருந்தாலே 40 பெட்டியும் வீட்டிலேயே நின்றிருக்கும்.

வியாழக்கிழமை அச்சகத்திலிருந்து சாம்பார்த் தூள் லேபிள் ரோல் வருகிறது. தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று வெட்டி எடுத்து வைக்கும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.