அம்மா ரூம் ஏசியும் கறுத்துப்போன குங்குமச் சிமிழும்

ஆடிட்டர் ஆபீஸில் இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். பில்லைத் தூக்கிப்போட மனசு வராது. அம்மா ரூம் ஏசிக்குக் கேஸ் போட்ட பில்கள் மூன்றும் ஃபைலில் இருக்கின்றன: 2022 ஜூன், 2023 மே, 2023 அக்டோபர். ஒவ்வொன்றும் மூவாயிரத்துச் சொச்சம். 2024 மார்ச் கடைசியில், ஆபீஸில் மூச்சுவிட நேரமில்லாத வாரத்தில், பையன் வந்து "அம்மா, ஏசி மறுபடியும் வெறும் காத்துதான்" என்றான். மூன்று பில்லையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பதினோரு மாத இடைவெளி ஐந்து மாதமாகச் சுருங்கியிருப்பது அப்போதுதான் உறைத்தது.

ஏசி கேஸ் என்ன, அடுப்பு கேஸா, எரிந்து தீர்ந்துபோக? மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது அது. குறைகிறது என்றால் எங்கேயோ ஓட்டை. மூன்று தடவை வந்தவர்களில் ஒருவர்கூட அதைத் தேடவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் தப்பு.

இந்தத் தடவை கீழ்வீட்டு மாமி அனுப்பிய மெக்கானிக் தம்பி வந்தார். இருபத்தைந்து வயசு இருக்கும். கையில் கேஸ் சிலிண்டர் இல்லை, நைட்ரஜன் சிலிண்டர்தான் இருந்தது. மிச்சமிருந்த கேஸை இறக்கிவிட்டு நைட்ரஜன் ஏற்றினார். சோப்புத் தண்ணீரை ஸ்பாஞ்சில் தொட்டு முதலில் அவுட்டோர் யூனிட், பிறகு குழாய்களை இணைக்கும் ஃபிளேர் நட், எல்லாவற்றிலும் தடவினார். குமிழ் எதுவும் வரவில்லை. கடைசியில் இன்டோர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, "அக்கா, இங்க பாருங்க" என்றார்.

கூலிங் காயிலின் ஓரத்தில் செம்புக் குழாய்கள் கொண்டை ஊசி மாதிரி வளைந்து வளைந்து இருக்கும். அதை யூ-பெண்ட் என்கிறார்கள். செம்பு என்றால் பழுப்பாகவோ கொஞ்சம் பச்சையாகவோ இருக்க வேண்டும். இது கரி பூசியதுபோல் இருந்தது. தம்பி விரலால் தேய்த்துக் காட்டினார், கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வளைவுகளின் கீழே எண்ணெய்ப் பிசுக்கு. கம்ப்ரஸர் ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுமாம், கசிகிற இடத்தில் கறை விட்டுப்போகுமாம்.

"உறுதியா தெரியணும்னா காயிலைக் கழட்டித் தண்ணியில முக்கிப் பார்க்கணும். பெரிய டப் இருக்கா அக்கா?"

டப் அந்த ரூமை ஒட்டிய பாத்ரூமில் இருந்தது. அம்மா 2021 டிசம்பரில் போன பிறகு அந்த பாத்ரூமை யாரும் பயன்படுத்துவதில்லை. பழைய பேப்பர், உடைந்த ஸ்டூல், கொலுப் படி எல்லாம் அங்கேதான். பையன் அந்த ரூமில் படித்தாலும் குளிப்பது ஹால் பக்கத்து பாத்ரூமில். கதவைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. நான் மூக்கை மூடிக்கொண்டு டப்பை இழுத்தேன். தம்பி மட்டும் நகராமல் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த பாத்ரூம்ல தண்ணி விடுறதே இல்லையா அக்கா?"

காயிலை டப்பில் முக்கியதும் இரண்டே வளைவுகளிலிருந்து நூல் பிடித்ததுபோல் குமிழ் வந்தது. ஒன்று வேகமாக, இன்னொன்று நான்கைந்து விநாடிக்கு ஒன்றாக. பையன் உட்கார்ந்து எண்ணினான். ஓட்டை கண்ணுக்குத் தெரியவே இல்லை.

விஷயம் இதுதான். பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் வழியில் நானி ட்ராப் என்று ஒன்று இருக்கிறது. அதில் எப்போதும் இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை வாயுவை மேலே விடாமல் அடைத்துக்கொண்டிருப்பது அந்தத் தண்ணீர்தான். மாதக்கணக்கில் யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டால் அது காய்ந்துவிடும், வழி திறந்துவிடும். சாக்கடை வாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைத் தின்னும், வெள்ளியைக் கறுக்கச் செய்யும். எங்கள் வீடு இந்திரா நகரில், பக்கிங்ஹாம் கால்வாயிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மொட்டைமாடியிலிருந்து பறக்கும் ரயில் போவது தெரியும். நாற்றம் வந்தால் கால்வாயைத் திட்டிவிட்டு ஜன்னலைச் சாத்துவது எங்கள் வழக்கம். சாத்திய ஜன்னலுக்கு உள்ளேயே ஒரு கால்வாய் திறந்திருந்தது.

வெள்ளி என்றதும் அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா படத்துக்கு முன்னால் அவளுடைய குங்குமச் சிமிழ் இருக்கிறது. இரண்டு வருஷமாக மாதம் ஒரு தடவை அதைத் தேய்க்கிறேன், மாதம் ஒரு தடவை அது கறுக்கிறது. ஹால் பூஜை அலமாரியில் இருக்கும் வெள்ளி விளக்கு அப்படிக் கறுப்பதில்லை. சிமிழ் சுத்த வெள்ளி இல்லைபோல, அந்தக் காலத்தில் அம்மாவை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். பாவம் அந்தக் கடைக்காரர்.

இனி காயில் கதை. என்ன வாங்குவது என்பதில் வீட்டுக்குள் பெரிய விவாதம் நடந்தது.

எங்கள் வீட்டுக்காரர் "புது ஏசியே வாங்கிடலாம், நாலு வருஷம் ஆச்சே" என்றார். எனக்கு ஒப்பவில்லை. ஹாலில் இருப்பதும் அதே கம்பெனி, அதே 2020, அதே 1.5 டன். அதற்கு ஒரு தடவைகூடக் கேஸ் போட்டதில்லை. அப்படியானால் குற்றம் ஏசியில் இல்லை, அறையில் இருக்கிறது. புதுசை மாட்டினால் அதுவும் கறுக்கும். ஒரு சின்னப் புலம்பல்: பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த 10 வருட வாரண்டி கம்ப்ரஸருக்கு மட்டும்தானாம். காயிலுக்கு ஒரு வருஷம். வாங்கும்போது அந்தப் பொடி எழுத்தை நானே படிக்கவில்லை என்றால், ஊருக்கு என்ன கணக்கு எழுதுகிறேன்?

ஓட்டையை மட்டும் பற்றவைத்துத் தரலாமா என்று கேட்டேன். "இரண்டை அடைச்சுத் தரேன் அக்கா. மூணாவது எங்க வரும்னு நான் சொல்ல முடியாது" என்றார் தம்பி. மொத்த வளைவும் கறுத்திருக்கும்போது அது நியாயமான பதில்.

அடுத்தது மார்க்கெட் காயில், அதாவது ஏசி கம்பெனி செய்யாத வெளிச் சரக்கு. ஒரு கடையில் 5,500 ரூபாய் சொன்னார்கள், "எந்த 1.5 டன்னுக்கும் சேரும்" என்ற உத்தரவாதத்தோடு. கம்பெனி காயில் வரியோடு 11,800. பாதிக்குப் பாதி வித்தியாசம், கை அரிக்கத்தான் செய்தது. தம்பிதான் கழற்றிய காயிலை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார்.

முதலாவது, மடிப்பு. இன்டோருக்குள் உருளையாக ஒரு ப்ளோயர் சுற்றுகிறது. காயில் அதைக் கூரைபோல் மூன்று மடிப்பாக அணைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கோணம் கொஞ்சம் மாறினால் இடுக்கு விழும். அந்த இடுக்கு வழியாகக் காற்று குளிராமலே போய்விடும், தண்ணீர் ட்ரேயில் விழாமல் சுவரில் சொட்டும்.

இரண்டாவது, சென்சார். காயிலின் ஒரு குறிப்பிட்ட குழாயில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு செம்புக் கூடு பற்றவைத்திருக்கிறது. அதற்குள்தான் காயில் சென்சார் செருகியிருக்கும். காயில் எவ்வளவு குளிர்ந்தது, ஐஸ் கட்டப் போகிறதா என்று ஏசியை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்குச் சொல்வது அது. மார்க்கெட் காயில் பலவற்றில் இந்தக் கூடு இருக்காது, இருந்தால் வேறு இடத்தில் இருக்கும். அப்போது மெக்கானிக்குகள் சென்சாரை டேக் போட்டுக் கட்டிவிட்டுப் போவார்களாம். இன்வர்ட்டர் ஏசி சென்சார் சொல்வதைக் கேட்டுத்தான் கம்ப்ரஸரை ஓட்டுகிறது. அதற்குத் தப்பான சேதி போனால் என்ன ஆகும் என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை, நான் ஆபீஸில் தினம் பார்க்கிறேன்.

மூன்றாவது, அழுத்தம். எங்களுடைய ஏசியில் இருப்பது ஆர்32 என்ற கேஸ். 35 டிகிரி வெயிலில் சும்மா நிற்கும்போதே அது குழாய்க்குள் 300 பிஎஸ்ஐக்கு அழுத்தும். பழைய ஆர்22 அதே வெயிலில் 180 சொச்சம்தான். அந்தக் காலத்துக் கணக்கில் செய்த காயில் எது, இந்தக் காலத்தது எது என்று ஸ்டிக்கர் இல்லாத பெட்டியைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

டன் மட்டும் பொருந்தினால் போதாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரே கம்பெனியில், ஒரே 1.5 டன்னில், 3 ஸ்டாருக்கு ஒரு காயில், 5 ஸ்டாருக்கு அதைவிடப் பெரியது. ஆகவே இன்டோர் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் நம்பரை, கடைசி எழுத்துவரை போட்டோ எடுத்து அனுப்பினோம்.

அலுமினியக் காயில் போடலாமே, சாக்கடை வாயு அதை ஒன்றும் செய்யாதே என்று நானே படித்துவிட்டு வந்து கேட்டேன். எங்கள் மாடலுக்கு அது வருவதில்லை. "ப்ளூ ஃபின் இருக்கே, அது காப்பாத்தாதா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அந்த நீலப் பூச்சு குழாய்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகட்டுக்கு மட்டும்தான். தகட்டில் பூசிய பிறகே குழாயைச் செருகி, கடைசியில் யூ-பெண்டைப் பற்றவைக்கிறார்கள். வளைவு மொட்டைச் செம்புதான், நம் வீட்டில் ஓட்டை விழுந்ததும் அங்கேதான். தம்பி வளைவுகளுக்கு மட்டும் ஒரு வார்னிஷ் ஸ்ப்ரே அடித்துத் தருகிறேன் என்றார். "ஆனா அதை நம்பாதீங்க. மொதல்ல அந்த நானி ட்ராப்ல தண்ணி ஊத்துங்க."

சரி, கம்பெனி காயில்.

முதல் பெட்டி வந்தது. தம்பி அதை மாட்டவே இல்லை. புதுக் காயிலுக்குள் கொஞ்சம் நைட்ரஜன் அடைத்து மூடித்தான் அனுப்புவார்களாம். மூடியைத் திருகினால் 'புஸ்' என்று சத்தம் வரவேண்டும். எங்களையும் காது கொடுக்கச் சொல்லிவிட்டுத் திருகினார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சத்தமே இல்லை. வழியில் எங்கேயோ அடி வாங்கியிருக்கிறது. டீலர் முனகிக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். நான்கு நாள் கழித்து வந்த இரண்டாவது பெட்டி சமையலறைவரை கேட்கிற மாதிரி சீறியது.

மாட்டுவது பெரிய வேலையாகத் தெரியவில்லை. இரண்டு ஃபிளேர் நட்தான், பற்றவைக்கிற வேலையே இல்லை. பழைய ஃபிளேரை, அதாவது நட்டுக்குள் விரித்துவிட்டிருந்த குழாய் நுனியை, வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக அடித்தார். நைட்ரஜன் ஏற்றி ராத்திரி முழுக்க விட்டோம், காலையில் மீட்டர் முள் அசையாமல் நின்றது. பிறகு குழாய்க்குள் இருப்பதையெல்லாம் உறிஞ்சி எடுக்க அரை மணிக்கு மேல் வேக்யூம் பம்ப். கேஸ் போடும்போது ஜன்னலைத் திறக்கச் சொன்னார், பூஜை விளக்கையும் அமர்த்தச் சொன்னார். ஆர்32 சுலபத்தில் பற்றிக்கொள்ளாது, ஆனால் பற்றவே பற்றாது என்றும் இல்லை. சிலிண்டரைத் தராசில் வைத்து, ஸ்டிக்கரில் போட்டிருந்த 850 கிராமை நிறுத்துப் போட்டார். முந்தைய மூன்று தடவையும் மீட்டரைப் பார்த்து "போதும்" என்றவர்கள்தான் வந்தார்கள். தராசை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பழைய காயிலை எடுத்துக்கட்டுமா அக்கா?" என்று தயங்கிக் கேட்டார். செம்பு என்ன விலை விற்கிறது என்று எனக்கும் தெரியும். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பதிலுக்கு, ஃபிளேரில் வெட்டி எறிந்த இரண்டு செம்புத் துண்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டேன். புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, ஒன்றை ஹால் பூஜை அலமாரியிலும் இன்னொன்றை அம்மாவின் சிமிழுக்குப் பக்கத்திலும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்த பாத்ரூமில் இரண்டு மக் தண்ணீர் ஊற்றிவந்தேன். அக்னி நட்சத்திரம் முழுக்க ஏசி நன்றாக ஓடியது. ஜூலைவரை இரண்டு துண்டும் ஒரே மாதிரி பழுப்பாகத்தான் இருந்தன. சிமிழைத் தேய்க்க வேண்டியே வரவில்லை. ஆகஸ்டில் கல்யாணம், கோயில் என்று கும்பகோணம் பக்கம் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பினால், அம்மா ரூம் துண்டின் ஒரு ஓரம் கறுத்திருந்தது.

தம்பிக்கு போன் போட்டேன். வெளியூர் போகும்போது தண்ணீர் ஊற்றிவிட்டு அதன்மேல் கொஞ்சம் எண்ணெய் விட்டால் சீக்கிரம் காயாது என்றார். அலமாரியில் அம்மாவின் தேங்காய் எண்ணெய் பாட்டில் கால்வாசி மிச்சம் இருக்கிறது. வாடை மாறி, தலையில் வைக்க முடியாமல், எறியவும் மனசில்லாமல் வைத்திருந்தேன். தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் முன் இரண்டு மக் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் அந்த எண்ணெயில் இரண்டு ஸ்பூன் விட்டேன்.