கடல்நீர்த் தொட்டிக்கு நீர் மாற்றும் பம்ப்: தேர்ந்தெடுத்த விதம்

சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டு ஹாலில் இருக்கும் கடல்நீர்த் தொட்டி, கீழே உள்ள சம்ப்பையும் (நீரை வடிகட்டும் துணைத் தொட்டி) சேர்த்தால் ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதிலிருந்து 40 லிட்டரை வெளியேற்றிவிட்டுப் புதிய உப்புநீரை நிரப்புகிறேன். கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் கூவமும் அடையாறும் வந்து கலக்கும் கரையோரத்து நீரைப் பவளங்களுக்குக் கொடுக்க மனம் ஒப்பாததால், ஆர்.ஓ. நீரில் கடல்நீர் தயாரிக்கும் உப்புக் கலவையான சால்ட் மிக்ஸை ஒன்றரைக் கிலோ அளவுக்குக் கரைத்து, உப்பளவை 35 பிபிடிக்கு (ஆயிரத்தில் 35 பங்கு) கொண்டுவந்து பயன்படுத்துகிறேன். உப்பு கரைக்கும் டிரம் சமையலறைக்குப் பின்னால் நிற்கிறது. அங்கிருந்து தொட்டிக்கு 8 மீட்டர் ஹோஸ் தேவைப்படுகிறது. தொட்டியின் விளிம்போ தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் உள்ளது. வாளி தூக்குவதை நிறுத்துவது என்று முடிவு செய்தபோது இந்த இரண்டு அளவுகளைத்தான் முதலில் தாளில் குறித்துக்கொண்டேன்.

பழைய நீரை வெளியேற்றப் பம்ப்பே வேண்டாம் என்பது எளிதில் தெளிவாகிவிட்டது. தொட்டியின் நீர்மட்டத்தைவிடக் குளியலறை வடிகால் ஒரு மீட்டருக்கும் மேல் தாழ்வாக இருப்பதால், சைஃபன் முறையில் ஹோஸை நிரப்பி விட்டாலே நீர் தானாக ஓடிவிடுகிறது; மணலில் படிந்த கழிவையும் அதே ஹோஸால் உறிஞ்சிவிடலாம். ஆகவே பம்ப் தேவைப்படுவது புதிய நீரை ஏற்றுவதற்கு மட்டுமே.

கொளத்தூர் மீன் கடைகளில் பம்ப் கேட்டால் முதலில் சொல்லப்படுவது மணிக்கு எத்தனை லிட்டர் என்ற எண்தான். அந்த எண், நீரைச் சிறிதும் மேலே ஏற்றாமல், ஹோஸும் மாட்டாமல் ஓடவிடும்போது கிடைக்கும் அளவு. அதற்கு அருகிலேயே சிறிய எழுத்தில் ஹெட் என்று மீட்டரில் ஓர் எண் இருக்கும்; அந்த உயரத்தில் பம்ப் சுற்றிக்கொண்டிருக்குமே தவிர ஒரு சொட்டு நீரும் வெளியே வராது. நம் தேவை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. 1.3 மீட்டர் ஏற்ற வேண்டிய எனக்கு, 1.5 மீட்டர் ஹெட் உள்ள பம்ப் கணக்குக்குப் போதும்போலத் தோன்றினாலும், நடைமுறையில் அது நூல்போல ஒழுகவிடும். அதனால் தேவையான உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாத ஹெட் என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, அதற்குக் கீழானவற்றைப் பார்க்காமலே ஒதுக்கினேன்.

இறக்குமதிப் பெட்டிகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏசி மின்சாரத்தில் ஓடும் சாதாரண காந்தப் பம்ப்புகளின் (உள்ளே காந்தம் சுழன்று நீரைத் தள்ளுபவை) வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸுக்கு அச்சிட்ட எண்களை நம் ஊரின் 50 ஹெர்ட்ஸில் எதிர்பார்க்க முடியாது. நீரோட்டம் ஆறில் ஒரு பங்கும், ஹெட் ஏறத்தாழ 30 சதவீதமும் குறையும். உப்புநீர் கனமானது, ஆகவே அதற்கு இன்னும் அதிக ஹெட் வேண்டும் என்று சிலர் சொல்வது மட்டும் சரியன்று. நன்னீரைவிட அது இரண்டரை சதவீதம் அளவுக்கே கனமானது. மோட்டாரின் சுமை அந்த அளவுக்குக் கூடுமே தவிர, மீட்டரில் சொல்லும் உயரம் மாறாது.

அடுத்தது பம்ப் செய்யப்பட்ட பொருள். வீட்டில் தண்ணீர் ஏற்றும் அரை ஹெச்.பி. மோட்டார்களில் பித்தளை இம்பெல்லர், அதாவது நீரைத் தள்ளும் சுழலி, இருப்பது வழக்கம். பித்தளையிலிருந்து கரையும் செம்பு, மிகக் குறைந்த அளவிலேயே இறால்களையும் பவளங்களையும் கொன்றுவிடும். ஏர் கூலரில் வரும் பம்ப் விலை குறைவு என்பது உண்மைதான், ஆனால் அவற்றில் பலவற்றில் சுழலியைத் தாங்கும் தண்டு உலோகம். எவர்சில்வரே ஆனாலும் உப்புநீரின் குளோரைடு அதில் குழிகளை அரித்துவிடும். ஆகவே செராமிக் தண்டும், பிளாஸ்டிக்கில் முழுமையாக மூடப்பட்ட காந்தமும் உள்ள நீர்மூழ்கிப் பம்ப் என்று தேடினேன். கடையிலேயே முன்மூடியைக் கழற்றி இம்பெல்லரை வெளியே எடுத்துப் பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஹோஸை இணைக்கும் பாகங்களிலும் இதே விதிதான்: ஹார்டுவேர் கடையில் கைக்கு முதலில் வருவது பித்தளை நிப்பிள் என்பதால், பிளாஸ்டிக் வேண்டும் என்று சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

தினமும் சிறிது சிறிதாகத் தானே மாற்றும் பெரிஸ்டால்டிக் பம்ப்பையும் (மென்குழாயை உருளைகளால் பிதுக்கி நீரை நகர்த்துவது) சில நாட்கள் யோசித்தேன். ஒரே முறையில் 40 லிட்டர் மாற்றினால், கழிவுகளால் நீரில் சேரும் நைட்ரேட் 20 சதவீதம் குறையும். நாளுக்கு 2 லிட்டர் வீதம் இருபது நாட்கள் மாற்றினாலும் 18 சதவீதம் குறைந்துவிடும் என்பதால் பலனில் பெரிய இழப்பில்லை. ஆனால் வெளியேற்றும் குழாயும் உள்ளே விடும் குழாயும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. வெளியேற்றம் கொஞ்சம் கூடினாலும், ஆவியாகும் நீரை ஈடுசெய்யும் ஆட்டோ டாப்-ஆஃப் அந்தக் குறையை நன்னீரால் நிரப்பிவிடும். உப்பளவு யாருக்கும் தெரியாமல் இறங்கிக்கொண்டே போகும். வாரந்தோறும் உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் கையுமாக நிற்பதைவிட மொத்தமாக மாற்றுவதே எனக்கு நிம்மதி.

இறுதியில் வாங்கியது மணிக்கு 3000 லிட்டர், 3 மீட்டர் ஹெட், 50 வாட் என்று குறிக்கப்பட்ட ஏசி பம்ப். கையிலிருந்த 12 மில்லிமீட்டர் ஹோஸை மாட்டி, தொட்டி விளிம்பின் உயரத்தில் 20 லிட்டர் வாளியை வைத்து நேரம் பார்த்தேன். நிரம்ப இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆனது. அதே பம்ப்பில் 19 மில்லிமீட்டர் ஹோஸை மாட்டியதும் ஒரு நிமிடத்தில் நிரம்பிவிட்டது. குழாயின் விட்டம் பாதியானால், அதே அளவு நீரைச் செலுத்த உராய்வில் இழக்கும் ஹெட் ஏறத்தாழ முப்பது மடங்காகிறது என்பதால், பெரிய பம்ப்புக்குச் செலவழிப்பதற்கு முன் பெரிய ஹோஸ் வாங்குவது மலிவான வழி. டிரம் காலியாகக் காலியாக வேகம் குறைவதையும் கண்டேன். ஏற்ற வேண்டிய உயரம் டிரம்மின் நீர்மட்டத்திலிருந்து கணக்காவதால் கடைசி வாளிதான் மிக மெதுவாக ஏறும். டிரம்மை ஒரு முக்காலியில் ஏற்றியதில் அதுவும் ஓரளவு சரியானது.

இப்போது வேகம் மணலைக் கிளறும் அளவுக்கு இருக்கிறது. ஆகவே ஹோஸின் வெளி முனையில் ஒரு பால் வால்வ் (திருகி மூடும் அடைப்பான்) வைத்து வேண்டிய அளவுக்கு மூடிக்கொள்கிறேன். உறிஞ்சும் பக்கத்தை அடைத்தால்தான் பம்ப்புக்குக் கேடு, வெளியேறும் பக்கத்தை அடைப்பதால் இல்லை. ஹோஸ் முனையை நீர்மட்டத்துக்கு மேலேயே கிளிப்பிட்டு வைக்கிறேன், இல்லையேல் பம்ப்பை நிறுத்தியதும் தொட்டி நீர் சைஃபனாகி டிரம்முக்கே திரும்பிவிடும்.

உப்பைக் கலக்கவும் இதே பம்ப்பைத்தான் பயன்படுத்துகிறேன், ஆனால் இரவு முழுவதும் ஓட விடுவதில்லை. நீரில் மூழ்கிய 50 வாட் மோட்டாரின் வெப்பம் முழுவதும் நீருக்கே போவதால், 40 லிட்டர் நீர் மணிக்கு ஒரு டிகிரி அளவுக்குச் சூடாகும்; மே மாதத்தில் இது சிறிய விஷயமன்று. டைமர் வைத்துச் சிறிது நேரம் ஓட்டி, சிறிது நேரம் நிறுத்துவதே போதுமாக உள்ளது. மின் இணைப்பு மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக வருகிறது; ஆனாலும் டிரம்முக்குள் கையை விடுவதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிடுகிறேன். வேலை முடிந்ததும் பம்ப்பை ஒரு வாளி நன்னீரில் சில நிமிடம் ஓட்டிக் கழுவி வைக்கிறேன். இம்பெல்லரில் வெண்மையாகச் சுண்ணாம்பு படிந்தால் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் போதும், சுரண்ட வேண்டியதில்லை.