ஒரு வருஷத்து நோட்டு

டிசம்பர் 26, 2024, வியாழன்

போன வருஷம் இதே ராத்திரி, பன்னிரண்டு மணி நெருங்கும்போது எண்ணூர் சின்னக்குப்பத்திலிருந்து சித்தி போன் பண்ணினாள். பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகிற குழாயில் அம்மோனியா கசிவு. கண் எரியுது, மூச்சு முட்டுது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிடைத்த ஆட்டோவில் ஏறிட்டோம் என்றாள். விடிவதற்குள் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடம் நிரம்பிவிட்டது. அதற்குச் சில வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்ப் படலம் முகத்துவாரத்தில் இறங்கி, படகு, வலை என்று எல்லாவற்றிலும் அப்பியிருந்தது. அதை பக்கெட்டில் மொண்டு எடுத்த கைகளோடுதான் சித்தப்பா வந்து உட்கார்ந்தார். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு.

அன்றைக்குத்தான் எழுத ஆரம்பித்தேன். ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பழைய லெட்ஜர், பின்பக்கத்திலிருந்து. சித்தி கதவைப் பூட்டாமல் ஓடிவந்தது, யாரோ ஒரு பையன் வீடு வீடாகத் தட்டி "ஈரத்துணியை மூக்குல கட்டுங்க" என்று கத்திக்கொண்டே போனது, இதெல்லாம் பேப்பரில் வரவில்லை. நாம் எழுதவில்லையென்றால் அந்தப் பையன் இல்லாமலே போய்விடுவான் என்று தோன்றியது.

டிசம்பர் 29, ஞாயிறு

லெட்ஜரை முதலிலிருந்து படித்தேன். ஒன்று தெளிவாகத் தெரிகிறது: முக்கியமான விஷயம் என்று நினைத்து எழுதிய பக்கங்களில் உயிரே இல்லை. மார்ச்சில் தங்கசாலையில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். எத்தனை கோடி, எத்தனை பணிகள் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். அது எந்தப் பழைய பேப்பரிலும் கிடைக்கும். படிக்கப் படிக்க விடமுடியாமல் இருந்தது மீன் விலைதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஃபைபர் படகு மட்டும் போகும். ஞாயிறுதோறும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கேட்ட விலையைக் குறித்திருக்கிறேன். வஞ்சிரம் 1,000 ரூபாயைத் தாண்டியதும் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை விட்டுவிட்டு நெத்திலிக்கும் காரப்பொடி மீனுக்கும் வந்துவிட்டோம். கேரளாவிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த மீனை ஒரு தரம் வாங்கினேன். அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மஞ்சள்தூளைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாள்.

அந்த மாதங்களில் துறைமுகத்துக்குள் நடந்து பார்க்க வேண்டும். ஏலச் சத்தம் கம்மி, சுத்தியல் சத்தம் ஜாஸ்தி. படகை மேலே ஏற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார்கள். வலை பின்னுகிறவர்கள் நிழல் நகர நகர அவர்களும் நகர்வார்கள். ஒரு பெரியவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிந்த இடத்தைக் கத்தியால் இன்னும் கொஞ்சம் பெரிதாக வெட்டினார். ஏன் தாத்தா என்றேன். "ஓட்டை ஒயுங்கா இருந்தாத்தாம்மா முடிச்சு ஒயுங்கா வரும்." முடிச்சு போட்ட வேகத்தில் ஊசி கண்ணுக்கே தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் லெட்ஜர் கோட்டைத் தாண்டி, ஓரத்திலெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 31

குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரி ஏழரைக்கு வந்தது. வேறொன்றுமில்லை.

ஜனவரி 4, 2025, சனி

தம்பி லெட்ஜரை எடுத்துப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "இன்னாக்கா, ஒரே பொலம்பலா கீது. ஏற்கெனவே நம்ம ஏரியான்னா ரவுடி, புகை, சாக்கடைன்றானுங்க. நீயும் அதையே எழுதிக்கினு கீற."

கோபம் வந்தது. ஆனால் அவன் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். அக்டோபர் மழையில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நின்ற கார்களை எல்லாச் சேனலும் காட்டியது. வடசென்னையில் பட்டாளத்திலும் புளியந்தோப்பிலும் தண்ணீரில் நடந்தவர்களுக்கு மேம்பாலத்தில் நிறுத்தக் கார் இல்லை. அவர்களைப் பற்றி எழுதினால் அது புலம்பலா?

அவன் வாயை அடைக்க நவம்பர் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். செரியன் நகர் காசிமா, ஆட்டோ ஓட்டுகிறவர் மகள், அமெரிக்காவில் உலகக் கோப்பை கேரமில் மூன்று தங்கம் வாங்கிய வாரம். அன்று சாயங்காலம் எங்கள் தெரு முனை கிளப்பில் ஒரு புதுக் காட்சி. எப்போதும் ஆம்பளைப் பசங்களே மொய்க்கும் பலகையில் இரண்டு பெண் பிள்ளைகள். பள்ளிக்கூடப் பாவாடையில் போரிக் பவுடர் வெள்ளை. ஒருத்தி ரெட் காயைப் போட்டுவிட்டு, அதையடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காய் விழாமல் தலையில் அடித்துக்கொண்டாள். பின்னால் நின்ற அப்பாக்காரர் "பொறுமையா அடிம்மா, எங்க ஓடிப்போது காய்" என்றார். தம்பி அதை இரண்டு தடவை படித்தான். அந்த கிளப்பில் அவனும் ஒரு காலத்தில் சாம்பியன். "இந்தப் பலகை சாய்வா இருக்கும், அத எழுதலியே நீ" என்றான்.

ஜனவரி 8

தினமும் காலடிப்பேட்டையிலிருந்து மண்ணடிக்கு மெட்ரோ. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டிய பிறகுதான் எங்கள் பக்கத்துக்கு இந்த வசதி. ஜன்னலோரம் கிடைத்தால் கிழக்கே கடல், நடுவில் மொட்டைமாடிகளில் காயும் கருவாடு. தண்டையார்பேட்டைக்கு முன்னால் சுரங்கத்தில் இறங்கிவிடும். அதோடு காட்சி முடிந்தது. பஸ்ஸில் போன காலத்தில் ராயபுரம் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போவேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய கட்டடம், தூண்களோடு இன்னும் நிற்கிறது. வருஷக்கணக்காக அதைத் தாண்டிப் போயும், எழுத ஆரம்பித்த பிறகுதான் ஒரு நாள் இறங்கி உள்ளே போனேன். பிளாட்பாரத்தில் ஓர் ஆயா பூ கட்டிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனைப் பற்றி நான் எழுதியது மூன்று வரி. ஆயாவைப் பற்றி ஒரு பக்கம்.

ஜனவரி 13, திங்கள், போகி

காலையில் எதிர்வீடு தெரியவில்லை. டயர் கொளுத்தாதீர்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே ஒரு வண்டி போனது, அதுவும் புகைக்குள்ளே. அம்மா பழைய பாய், முறம் எல்லாவற்றையும் வாசலில் போட்டுவிட்டு லெட்ஜரைப் பார்த்தாள். "இதுவும் பழசுதானே?"

அவளுக்கு இதில் ஆரம்பத்திலிருந்தே இஷ்டமில்லை. வீட்டு விஷயத்தை நாலு பேர் படிக்கலாமா என்பாள். சித்தப்பாவின் கடன் பேச்சு, மாடிவீட்டுப் பெண்ணின் கல்யாணச் சங்கதி இரண்டையும் அவள் சொல்லித்தான் விட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. அதுபோலத்தான், காசிமேட்டு மீன்காரக்காவின் கதை அவருடையது. அவர் சரி என்ற வரைக்கும்தான் எழுத முடியும்.

ஜனவரி 19, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் ஆண்டர்சன் தெருவில் புது நோட்டு வாங்கினேன். லாங் சைஸ், கெட்டி அட்டை, தேதி அச்சடிக்காதது. டைரி கம்பெனிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு அரைப் பக்கம்தான் கொடுக்கிறார்கள், என் வாரமே ஞாயிறில்தான் இருக்கிறது. வாங்கிய கையோடு பர்மா பஜார் பக்கம் பர்மிய நூடுல்ஸான அத்தோ ஒன்று. கடைக்காரர் நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கித் தூவினார். வாழைத்தண்டு சூப் கூடவே. நோட்டின் முதல் பக்கத்திலேயே எண்ணெய்க் கறை.

இன்று காசிமேட்டில் நல்ல கூட்டம். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, கேட்கவா வேண்டும். "இன்னா கண்ணு, புது நோட்டா? என் பேரை மட்டும் போடாத, விலையைப் போட்டுக்கோ" என்றார் மீன்காரக்கா.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அம்மா சங்கராவைக் கழுவிக்கொண்டே என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன்.

"நானூறு சொன்னா. முந்நூத்தி அம்பதுக்கு முடிச்சது யாரு? அதையும் போடு. என் பேரைப் போட்டே எழுது."